921 அடி, 29 ஏக்கர், 5 ஏக்கர்: பென்டகன் கட்டடத்தை அப்போதெம் கொண்டு அளத்தல்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனைப் பற்றி எங்கே படித்தாலும் மூன்று எண்கள் கூடவே வரும். வெளிச்சுவரின் ஒரு பக்கம் 921 அடி. கட்டடம் நிற்கும் இடம் 29 ஏக்கர். நடுமுற்றம் 5 ஏக்கர். முற்றம் அந்த 29-க்குள் அடக்கமா, 29 போகத் தனியாக 5-ஆ? பெரும்பாலான குறிப்புகளை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் 921 என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் இருந்தால், விடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு இன்னும் ஒரே ஒரு நீளம் வேண்டும். முற்றத்தின் நட்டநடுவில் நின்று, ஏதாவது ஒரு வெளிச்சுவரை நோக்கிச் செங்குத்தாக நூல் பிடித்தால் எத்தனை அடி வரும்? அந்த நீளத்தின் பெயர்தான் அப்போதெம். பள்ளிக் கணக்கில் உள்வட்ட ஆரம் என்று வருவதும் இதுவேதான்: பலகோணத்துக்குள் எல்லாப் பக்கங்களையும் தொட்டபடி ஒரு வட்டம் வரைந்தால் அதன் ஆரம். மூலைகளின் வழியே வெளியில் வரையும் வட்டத்தின் ஆரம் வேறு. அது சுற்றுவட்ட ஆரம். பலகோணப் பரப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால் வருபவை.

முதலில் இந்த வடிவம் எப்படி வந்தது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அப்போதெம் என்ற சலுகை இந்தக் கட்டடத்துக்குக் கடைசி நேரத்தில்தான் கிடைத்தது.

ஒழுங்கில்லாத ஐங்கோணம்

1941 ஜூலை 17, வியாழக்கிழமை. ராணுவத்தின் கட்டுமானப் பொறுப்பில் இருந்த ஜெனரல் பிரிஹன் சோமர்வெல், திங்கள் காலைக்குள் ஒரு பிரம்மாண்ட அலுவலகத்தின் அடிப்படை வரைபடம் வேண்டும் என்று கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பெர்க்ஸ்ட்ரோம் குழுவிடம் கேட்டார். போர்க்கால எஃகுத் தட்டுப்பாட்டால் உயரமாக எழுப்ப முடியாது. அகலமாகப் பரப்பித்தான் ஆக வேண்டும். முதலில் பார்த்த இடம் ஆர்லிங்டன் ஃபார்ம்ஸ். அந்த மனையைச் சுற்றி ஐந்து பக்கமும் சாலை. மனையின் வடிவத்துக்கு ஏற்பவே கட்டடத்துக்கும் ஐந்து பக்கம் வந்தது. பக்கங்கள் சமமாக இல்லை, கோணங்களும் சமமாக இல்லை.

இப்படிப்பட்ட ஐங்கோணத்துக்கு அப்போதெம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. நடுவில் எந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு தூரம் வரும். பரப்பு வேண்டுமென்றால் நம் ஊர் சர்வேயர் செய்வதைத்தான் செய்ய வேண்டும். புலப்படத்தில் இருப்பதுபோல் ஒரு நீளக் குறுக்குக் கோட்டைப் பிடித்து, மனையை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடியையும் உயரத்தையும் தனித்தனியாக அளந்து கூட்ட வேண்டும். வேலை அதிகம், அளவுகளும் அதிகம். அளவு அதிகமானால் பிழையும் கூடும்.

அந்த இடத்தில் கட்டினால் தேசியக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வாஷிங்டன் நகரைப் பார்க்கும் காட்சி மறையும் என்று எதிர்ப்பு எழுந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் கட்டடத்தை ஆற்றோரமாகக் கொஞ்சம் தள்ளி, வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். புது இடத்தில் ஐந்து சாலை இல்லை. ஐந்து பக்கத்துக்கான காரணமே போய்விட்டது. ஆனால் வடிவமைப்பை முதலிலிருந்து தொடங்க நேரம் இல்லை. எனவே ஐங்கோணம் அப்படியே நின்றது. மனை நெருக்கடி நீங்கியதால் பக்கங்களைச் சமமாக்க முடிந்தது. 1941 செப்டம்பர் 11 அன்று வேலை தொடங்கி, 1943 ஜனவரியில் முடிந்தது. போட்டோமாக் ஆற்றுப் படுகையிலிருந்து அள்ளிய மணலும் ஜல்லியும் மட்டும் 6,80,000 டன். அடியில், அஸ்திவாரத்துக்காக நிலத்துக்குள் இறக்கிய கான்கிரீட் தூண்கள் (பைல்கள்) 41,492.

ஒழுங்கான ஐங்கோணம் ஆனதும் கணக்கு எப்படிச் சுருங்கியது என்பதுதான் இனி.

921 அடியிலிருந்து அப்போதெம்

நடுப்புள்ளியிலிருந்து ஐந்து மூலைகளுக்கும் கோடு போடுங்கள். ஐந்து முக்கோணம் கிடைக்கும். ஐந்தும் அச்சு அசலாக ஒன்றே. ஒவ்வொன்றின் அடியும் 921 அடிச் சுவர். நடுவில் ஒவ்வொன்றும் பிடிக்கும் கோணம் 360-ஐ 5-ஆல் வகுத்தது, 72°. இரண்டு சரிபக்கங்களும் சுற்றுவட்ட ஆரங்கள். முக்கோணத்தின் உச்சியிலிருந்து, அதாவது கட்டடத்தின் நடுவிலிருந்து, சுவருக்குச் செங்குத்து இறக்கினால் அது சுவரை 460.5, 460.5 என இரண்டாகவும், 72°-ஐ 36°, 36° என இரண்டாகவும் பிரிக்கும். இறக்கிய செங்குத்துதான் அப்போதெம்.

இப்போது கையில் ஒரு செங்கோண முக்கோணம் இருக்கிறது. 36°-க்கு எதிரே 460.5. அடுத்த பக்கம் அப்போதெம். டேன் என்பது எதிர்ப்பக்கத்தை அடுத்த பக்கத்தால் வகுப்பது, ஆகவே:

அப்போதெம் = 460.5 ÷ டேன் 36° = 460.5 ÷ 0.72654 = 633.8 அடி

ஒரு முக்கோணத்தின் பரப்பு ½ × 921 × 633.8, சுமார் 2,91,876 சதுர அடி. ஐந்துக்கும் சேர்த்து 14,59,380 சதுர அடி. ஐந்து முறை செய்யாமல் ஒரே அடியாகவும் போடலாம். ஐந்து அடிகளும் சேர்ந்தால் சுற்றளவு, 4,605 அடி. எனவே பரப்பு = ½ × சுற்றளவு × அப்போதெம். சூத்திரம் என்று மனப்பாடம் செய்ய இதில் ஒன்றும் இல்லை. முக்கோணத்தின் அரை-அடி-உயரம்தான், அடிகளை மட்டும் வரிசையாகக் கோத்திருக்கிறோம்.

ஏக்கர் ஒன்றுக்கு 43,560 சதுர அடி. வகுத்தால் 33.5 ஏக்கர். நம் கணக்கில் 3,350 சென்ட்.

இனித் தீர்ப்பு. 29-க்குள் முற்றம் அடக்கம் என்றால் வெளிச்சுவருக்குள் இருக்கும் மொத்தம் 29 வந்திருக்க வேண்டும், வருவதோ 33.5. முற்றம் தனி என்றால் 29 + 5 = 34. அரை ஏக்கர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 33.5-இல் முற்றத்தின் 5-ஐக் கழித்தால் 28.5. அதை முழு எண்ணாக்கி 29 என்று எழுதியிருக்கிறார்கள். முற்றம் தனி, 29 என்பது கட்டடம் மட்டும்.

இன்னொன்றும் இதிலேயே தெரிகிறது. பென்டகன் ஒரே கனத்த கட்டடம் அல்ல. உள்ளிருந்து வெளியே ஏ முதல் இ வரை ஐந்து வளையங்கள், அவற்றுக்கு இடையில் வெளிச்சத்துக்காக வானம் பார்த்து விட்ட இடைவெளிகள். நாம் கண்ட 28.5 ஏக்கரில் அந்த இடைவெளிகளும் அடக்கம். 29 என்ற எண்ணோடு அது பொருந்துவதால், அவர்களும் இடைவெளிகளைக் கழிக்கவில்லை என்று தெரிகிறது. ஆகவே 29-ஐ ஐந்து மாடியால் பெருக்கி மொத்தத் தளப்பரப்பு இவ்வளவு என்று சொல்லக் கூடாது. இடைவெளிகளைக் கழிக்க வேண்டும், தரைக்குக் கீழே உள்ள தளங்களைச் சேர்க்க வேண்டும்.

எங்கே சறுக்குகிறது

முதல் சறுக்கல், மூலைக்கு உள்ள தூரத்தை அப்போதெம் என்று போடுவது. சுற்றுவட்ட ஆரம் 460.5 ÷ சைன் 36°, அதாவது 783.4 அடி. இதைச் சூத்திரத்தில் போட்டால் 41.4 ஏக்கர் வரும். எட்டு ஏக்கர் அதிகம். சதவீதத்தில் 23.6. இந்த விகிதம் ஐங்கோணத்துக்கு எப்போதும் இதேதான்: சுற்றுவட்ட ஆரம் ÷ அப்போதெம் = 1.236, துல்லியமாகச் சொன்னால் √5 − 1. சதுரத்துக்கு 1.414, அறுங்கோணத்துக்கு 1.155, எண்கோணத்துக்கு 1.082. பக்கங்கள் கூடக் கூடத் தவறின் அளவு குறைகிறது, அதனாலேயே கண்ணில் படாமலும் போகிறது. எண்கோண மண்டபத் தளத்துக்கு மூலை அளவை வைத்து டைல்ஸ் வாங்கினால் 8 சதவீதம் மிஞ்சும். வெட்டுச் சேதாரத்துக்கு வாங்கியதுதானே என்று யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இது ஒரு நீளம் மட்டும் தவறியபோது. பக்கத்தையே தவறான ஆரத்திலிருந்து கணக்கிட்டால் அந்தப் பிழை விகிதம் இரண்டு முறை புகுந்துவிடும். நடுவிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தை மூலைக்கு உள்ள தூரம் என்று நினைத்து முழுக் கணக்கையும் செய்தால், ஐங்கோணத்தில் பரப்பு 34.5 சதவீதம் குறைந்துவிடும். 33.5 ஏக்கர் 21.9 ஆகிவிடும்.

இரண்டாவது சறுக்கல் ஐங்கோணத்துக்கே உரியது, டேப் பிடிக்கும்போது வருவது. எண்கோணத்திலோ அறுங்கோணத்திலோ ஒவ்வொரு சுவருக்கும் நேரெதிரே இன்னொரு சுவர் உண்டு. சுவருக்குச் சுவர் அளந்து பாதியாக்கினால் அப்போதெம் கிடைத்துவிடும். போல்ட்டின் தலையில் நடப்பது இதுதான். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் போடும் 13-ஆம் நம்பர் ஸ்பேனரில் அந்த 13 என்பது எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான தூரம், அதாவது அப்போதெமின் இரு மடங்கு. அப்போதெம் 6.5 மி.மீ., பக்கம் 7.5 மி.மீ., தலையின் பரப்பு 146 சதுர மி.மீ. மூலைக்கு மூலை பார்த்தால் கணக்குப்படி 15 மி.மீ.; ஆனால் ஸ்பேனர் பிடிப்பது பட்டையை, மூலையை அல்ல. வெர்னியர் இருந்தால் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். மூலைகள் லேசாக மழுங்கியிருப்பதால் 15-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும்.

ஐங்கோணத்தில் சுவருக்கு எதிரே சுவர் கிடையாது, மூலைதான் இருக்கிறது. ஒரு சுவரின் நடுவிலிருந்து எதிர் மூலைவரை அளந்தால் வருவது அப்போதெமும் சுற்றுவட்ட ஆரமும் சேர்ந்தது: 633.8 + 783.4 = 1,417.2 அடி. கைப்பழக்கத்தில் அதைப் பாதியாக்கினால் 708.6. அது அப்போதெமும் இல்லை, ஆரமும் இல்லை. அதைப் போட்டால் 37.5 ஏக்கர் வரும். சரியான வழி: அந்த முழு உயரத்தை √5-ஆல், அதாவது 2.236-ஆல் வகுக்க வேண்டும். 1,417.2 ÷ 2.236 = 633.8. இவ்வளவு அழகாக ஒரு வர்க்கமூலம் வந்து விழுவது ஐங்கோணத்தில் மட்டும்தான்; ஏழு பக்கத்துக்கோ ஒன்பது பக்கத்துக்கோ இப்படி எளிய எண் கிடைக்காது.

மூன்றாவது, கோணத்தைப் பாதியாக்க மறப்பது. 36-க்குப் பதில் 72 போட்டால் அப்போதெம் 150 அடிக்குச் சுருங்கிவிடும். பக்கத்தைப் பாதியாக்க மறந்தால் நேர்மாறாக 1,268 அடி வந்து பரப்பு இரட்டிப்பாகும், 67 ஏக்கர். கால்குலேட்டர் கோணத்தை டிகிரியில் எடுக்காமல் ரேடியன் என்ற வேறு அலகில் எடுத்தால் 59 அடி என்று காட்டும். இவற்றை உடனே பிடிக்க ஒரு சின்ன அட்டவணையை மனதில் வைத்திருந்தால் போதும். அப்போதெம் பக்கத்தில் எத்தனை மடங்கு என்றால்: சமபக்க முக்கோணத்துக்கு 0.289, சதுரத்துக்கு 0.5, ஐங்கோணத்துக்கு 0.688, அறுங்கோணத்துக்கு 0.866, எண்கோணத்துக்கு 1.207, பன்னிரு கோணத்துக்கு 1.866. 921-இல் 0.688 மடங்கு என்றால் அறுநூற்றுச் சொச்சம் வர வேண்டும். 59-உம் 150-உம் 1,268-உம் அந்தப் பக்கமே வராது.

நான்காவது தவறே இல்லை, சோம்பேறித்தனம். டேன் 36°-ஐ 0.73 என்று இரண்டு இலக்கத்தில் நிறுத்தினால் அப்போதெம் மூன்றடி குறைகிறது. 633-இல் மூன்றுதானே என்று தோன்றும். பரப்பில் அது 6,900 சதுர அடி. சென்னைக் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று கிரவுண்டு. அதேபோல் பக்க அளவில் ஒரே ஒரு அடி பிசகினால் 3,170 சதுர அடி ஏறும் அல்லது இறங்கும். பெரிய வடிவங்களில் இடைநிலையில் முழுமையாக்காமல் கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குவதற்கு இதுவே காரணம்.

முற்றம், சுவருக்குச் சுவர் ஆழம்

இனி தலைகீழ்க் கணக்கு. முற்றத்தின் பரப்பு தெரியும், 5 ஏக்கர், பக்கம் தெரியாது. ஒழுங்கான ஐங்கோணத்தின் பரப்பு பக்கத்தின் வர்க்கத்தில் 1.7205 மடங்கு. ½ × 5 × 0.688-ஐத்தான் இந்த எண்ணாகச் சுருக்கியிருக்கிறோம். 5 ஏக்கர் என்றால் 2,17,800 சதுர அடி. 1.7205-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் முற்றத்தின் ஒரு பக்கம் 356 அடி, அதன் அப்போதெம் 245 அடி.

இரண்டு அப்போதெமையும் கழித்தால் 633.8 − 244.9 = 389 அடி. முற்றத்து ஓரத்திலிருந்து வெளிச்சுவர்வரை, ஐந்து வளையங்களும் நான்கு இடைவெளிகளும் சேர்ந்த ஆழம் இவ்வளவு. பக்கங்களை மட்டும் வைத்திருந்தால் இந்த ஆழம் கண்ணுக்கே தெரியாது. அப்போதெம்களைக் கழித்த மாத்திரத்தில் வந்துவிடுகிறது. உள்ளும் வெளியும் ஒரே மையம், ஒரே திசை என்றால் சுவர்களுக்கு இடைப்பட்ட ஆழம் எப்போதும் அப்போதெம்களின் வித்தியாசம்தான். மூலைக்கு மூலை அளந்தால் 481 அடி வரும். அது சாய்ந்த அளவு.

கட்டட வேலையில் அடிக்கடி பார்க்கும் ஒரு பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சதுரமான அறைக்குச் சுற்றிலும் ஓரடிச் சுவர் என்றால் உள்ளளவு பக்கத்துக்கு இரண்டடி குறையும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் 921-இலிருந்து 389-ஐ இரண்டு முறை கழித்தால் 143 அடி. அப்படியானால் முற்றம் 81 சென்ட்தான் என்று ஆகும். ஐந்து ஏக்கர் எங்கே, 81 சென்ட் எங்கே! ஐங்கோணத்தில் ஓரடி உள்ளே போனால் பக்கம் இரண்டடி குறையாது. 2 × டேன் 36°, அதாவது 1.453 அடிதான் குறையும். 389 × 1.453 = 565; 921 − 565 = 356. சரியாக வருகிறது. சதுரத்துக்கு அந்த எண் 2, அறுங்கோணத்துக்கு 1.155, எண்கோணத்துக்கு 0.828. எண்கோணக் கிணற்று மேடைக்கோ தொட்டிக்கோ வெளியளவைக் கொடுத்து, உள்ளே பலகை அடிக்க 9 அங்குலச் சுவருக்காகப் பக்கத்துக்கு 18 அங்குலம் கழித்துப் பலகை அறுத்தால், ஒவ்வொரு பலகையும் பத்தரை அங்குலம் கட்டையாகப் போகும். கழிக்க வேண்டியது ஏழரை அங்குலம்.

கட்டடம் மட்டும் நிற்கும் பரப்புக்கு இரண்டு பெரிய எண்களைக் கழிப்பதைவிட நேர்த்தியான வழி உண்டு. ஆழத்தை, உள் வெளிச் சுற்றளவுகளின் சராசரியால் பெருக்கினால் போதும். வெளிச் சுற்றளவு 4,605, உள் சுற்றளவு 1,779, சராசரி 3,192. அதை 389-ஆல் பெருக்கினால் 12.4 லட்சம் சதுர அடி, 28.5 ஏக்கர். ஒவ்வொரு பக்கமும் ஒரு சரிவகம் என்பதை நினைத்தால் இது ஏன் சரி என்று புரியும். கோயில் குளத்துப் படிக்கட்டு, பூங்கா நடைபாதை என்று சுற்றிவரும் எந்தப் பட்டைக்கும், அகலம் எங்கும் ஒன்றாக இருந்தால், இதே கணக்குதான்.

அதே சுற்றளவில் வேறு வடிவம்

4,605 அடிச் சுவரை வைத்துச் சதுரம் கட்டியிருந்தால் 30.4 ஏக்கர் கிடைத்திருக்கும். ஐங்கோணம் 33.5. அறுங்கோணம் 35.1. வட்டம் 38.7. சுற்றளவு மாறாதபோது பரப்பைத் தீர்மானிப்பது அப்போதெம் ஒன்றுதான் என்பது இந்த வரிசையில் தெரிகிறது: 576, 634, 665 என்று ஏறி, வட்டத்தில் 733-இல் நிற்கிறது. வட்டத்தில் அப்போதெமும் ஆரமும் ஒன்றாகிவிடுகின்றன. ½ × சுற்றளவு × ஆரம் என்பதில் சுற்றளவுக்கு 2 × பை × ஆரம் என்று எழுதினால், பை × ஆரத்தின் வர்க்கம். எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். ஆர்க்கிமிடீஸ் 96 பக்கப் பலகோணங்களை உள்ளும் புறமும் போட்டு, பையின் மதிப்பை 3 10/71-க்கும் 3 1/7-க்கும் நடுவில் பிடித்தது இந்த நெருக்கத்தை வைத்துத்தான்.

சார்ட்டில் வரைந்து சரிபார்க்க

1:1000 அளவில் ஒரு முழு சார்ட் அட்டையில் அடங்கும். மீட்டருக்கு மாற்றி ஆயிரத்தால் வகுத்தால் வெளிப்பக்கம் 28.07 செ.மீ., வெளி அப்போதெம் 19.32, சுற்றுவட்ட ஆரம் 23.88, முற்றத்தின் பக்கம் 10.84, அப்போதெம் 7.46.

வரைய இரண்டு வழி. 23.88 ஆரத்தில் வட்டம் போட்டு, 72° இடைவெளியில் ஐந்து புள்ளி வைத்து, அவற்றை நேர்கோட்டால் இணைக்கலாம். அல்லது 19.32 ஆரத்தில் வட்டம் போட்டு, ஐந்து புள்ளியிலும் ஆரத்துக்குச் செங்குத்தாக மூலைமட்டம் வைத்துத் தொடுகோடு இழுத்து, அவை வெட்டும் இடங்களை மூலைகளாகக் கொள்ளலாம். இரண்டும் ஒரே ஐங்கோணத்தைத் தர வேண்டும். கலந்து செய்வதுதான் கெடுதல்: 19.32 வட்டத்தில் புள்ளி வைத்து அவற்றையே இணைத்துவிடுவது. பக்கத்தை ஸ்கேலால் அளந்தால் 28.07 வர வேண்டிய இடத்தில் 22.7 காட்டும், எங்கே பிசகியது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பாகைமானியில் புள்ளி வைக்கும்போது முந்தைய புள்ளியிலிருந்து 72, 72 என்று நகர்த்திக்கொண்டே போகக் கூடாது. அரை டிகிரி பிழை ஐந்து முறை சேர்ந்தால் கடைசிப் பக்கம் மற்றவற்றைவிட ஒரு சென்டிமீட்டர் வரை நீண்டோ குறைந்தோ நிற்கும். ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து 72, 144, 216, 288 என்று வைத்தால் ஒரு புள்ளியின் பிழை அடுத்ததற்குத் தொற்றாது.

வெட்டி எடுத்த ஐங்கோணத்தின் பரப்பு 1,356 சதுர செ.மீ. அதே அட்டையில் 20 × 20 சதுரம் ஒன்றையும் வெட்டி, இரண்டையும் 0.1 கிராம் காட்டும் தராசில் வைத்தால், எடை விகிதம் 3.39 வர வேண்டும். அட்டை சீராக இருந்தால் வரும். முற்றத்தையும் வெட்டி எடுத்துவிட்டு மீதியை நிறுத்தால் 2.88.

ஏழு நிமிட நடை

பென்டகனுக்குள் எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலும் ஏழு நிமிடத்தில் நடந்துவிடலாம் என்று சொல்வது வழக்கம். கட்டடத்துக்குள் இருக்கும் நடைபாதைகளின் மொத்த நீளம் 17.5 மைல் என்ற எண்ணோடு சேர்த்துப் படித்தால் நம்பச் சிரமமாக இருக்கும். அப்போதெம் கையில் இருப்பதால் இதையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

நிமிடத்துக்கு 270 அடி நடை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வெளிச்சுவரின் நடுவில் இருப்பவர் எதிர் மூலைக்குப் போக வேண்டும். வளையங்களின் வழியே நடக்க இதைவிடத் தூரம் கிடையாது. வெளி வளையத்திலேயே சுற்றிப் போனால் சுற்றளவில் பாதி, 2,302 அடி, எட்டரை நிமிடம். ஏழுக்குள் வரவில்லை.

உள் வளையத்துக்கு இறங்கிப் போனால்? சுவருக்குச் செங்குத்தாக உள்ளே 389 அடி. உள் வளையத்தில் பாதிச் சுற்று 889 அடி. மறுபடி செங்குத்தாக வெளியே 389. வெளிச்சுவரை அடைந்த இடத்திலிருந்து மூலைக்கு இன்னும் 283 அடி. 921-க்கும் 356-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இது. மொத்தம் 1,950 அடி, ஏழே கால் நிமிடம். வளையங்களைக் குறுக்காக இணைக்கும் பத்து வழித்தடங்கள் எதற்காக என்பது இந்த ஒன்றேகால் நிமிட வித்தியாசத்தில் இருக்கிறது. வெளியே இருப்பவர் வெளியிலேயே சுற்றாமல், சுற்றளவு குறைந்த உள் வளையத்துக்கு வந்து திரும்ப வேண்டும்.

மழை இல்லாத நாளில் முற்றத்தைக் குறுக்காகக் கடக்கலாம். சுவர் நடுவிலிருந்து எதிர் மூலைக்கு நேர்கோடு 1,417 அடிதான். அப்படி நேராகப் போக முடிந்தால் ஐந்தே கால் நிமிடம். மாடி மாற வேண்டியிருந்தால் ஏறி இறங்கும் நேரம் இதில் சேரவில்லை.